டின்னில் ஏறிய பெயர்

புகையிலைக் கடையில் வேலை பார்ப்பவன் தான் புகைக்கக் கூடாது, வாடிக்கையாளர் சொல்லும் ருசியை மறுக்கவே கூடாது. முதலாவதை மீறியும் இரண்டாவதைக் காப்பாற்றியும்தான் நான் காலம் தள்ளினேன்.

அந்தக் கடைக்கு வந்துசேர்ந்த காரணத்தை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, சங்கம் கட்டியதற்காக நூற்பாலையிலிருந்து வெளியே தள்ளினார்கள். வாசலில் ஒட்டிய அறிவிப்பில்கூட என் பெயர் இல்லை, ‘மற்றும் சிலர்’ என்பதில் நான் அடக்கம். இரண்டாவது, நான் எழுதிய துண்டறிக்கை தலைவர் பெயரில் அச்சாகி வந்தது. மூன்றாவது, போராட்டம் வென்ற விழாவில் நன்றியுரை சொன்னவர் மைக் வாடகைக்குக் கொடுத்தவர்வரை குறிப்பிட்டார், என்னை விட்டுவிட்டார். நான்காவதுதான் காரைக்காலில் இந்தப் புகையிலைக் கடை. கல்லாவுக்கு வெளியே நின்று தேய்ந்த சக தோழர்களே, இது உங்களுக்கு.

பேசக் கூடாத பரீட்சை

எங்கள் கடையில் சுருட்டும் பொடியும்தான் ஓடும். ஆனால் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் இரண்டு பேர் பைப் பிடிப்பார்கள். ஒருவர் அந்துவான், ஞாயிறு பூசை தவறாதவர். இன்னொருவர் கோவிந்தசாமி, நெரவியில் நிலம் வைத்திருப்பவர். இருவரின் பிள்ளைகளும் பிரான்சில். லீவில் வரும்போது பர்லிப் புகையிலை டின்கள் கொண்டுவருவார்கள். பர்லி என்பது நிழலில் காற்றாட உலர்த்திய இலை. சொந்த இனிப்பு கிடையாது, வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு வாசனை உண்டு. எதை ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த சில தலைவர்களுக்கும் இதே குணம்தான். அந்துவானுக்கு எதுவும் ஊற்றாத பர்லிதான் பர்லி. கோவிந்தசாமிக்குக் கோக்கோ ஊற்றியது.

பூசை முடிந்ததும் கடை பெஞ்சில் பரீட்சை. அவர் டின்னிலிருந்து இவரும், இவர் டின்னிலிருந்து அவரும் நிரப்பிக்கொள்ள வேண்டும். பாதி எரியும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஒரு ஞாயிறு, பாதி எரிந்ததும் அந்துவான், இது புகையிலை இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஆற்றிக் கொடுக்கிற பானம் என்றார். கோவிந்தசாமி பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். “உங்களுது மட்டும் என்னவாம்? கடலை வண்டி தீப்பிடிச்ச மாதிரி இருக்கு.”

மாலுமி ரகம்

மழைக் காலத்தில் பர்லி நமுத்துப் போகும். கோவிந்தசாமி வீட்டம்மா, ஈரம் படாத இடம் என்று டின்னைக் கொண்டுபோய்க் கருவாட்டுப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார், மூடியும் சரியாக மூடவில்லை. பானையில் இருந்தது காரைக்கால்மேட்டு நெத்திலி. பர்லி தன் குணத்தைக் காட்டிவிட்டது. கோவிந்தசாமி கடைக்கு வந்து, வெளியே சொல்லாதீர்கள், ஆற்றில் கொட்டிவிடுகிறேன் என்றார். என்னுள் இருந்த கலகக்காரன் கண் விழித்தான். ஞாயிறுவரை பொறுங்கள் முசியே என்றேன்.

ஞாயிறன்று அந்துவான் அதை நிரப்பிப் பற்றவைத்தார். கோவிந்தசாமி தெருவில் போகிற மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தராசைத் துடைத்தேன். ஏற்கனவே துடைத்த தராசுதான். பாதி எரிந்தது. அந்துவான் கண்ணை மூடியபடியே தீர்ப்புச் சொன்னார். “துறைமுகத்துல மாலுமிங்க பிடிப்பாங்களே, அசல் அந்த ரகம். உங்க மவனுக்கு எழுதுங்க, எனக்கும் ரெண்டு டின் வேணும்.”

பெயருக்காக ஒரு மறியல்

பிள்ளைகள் வராத ஒரு வருஷம் டின்கள் தீர்ந்துபோய் இருவரும் சுருட்டுக்கு இறங்கினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆந்திராவிலிருந்து வரும் பர்லியை வாங்கி, மெல்லிசாக அரிந்து, கருப்பட்டிப் பாகு தெளித்து, நம் ஊரில் தண்ணீரைவிட எளிதில் கிடைக்கும் ரம்மைக் கொஞ்சம் விட்டு, ஆட்டுக்கல் குழவியைப் பாரமாக ஏற்றினேன். அந்த ஞாயிறு பாதி எரிந்த பிறகும் இருவரும் பேசவில்லை. முழுதும் எரிந்ததும் அந்துவான், இது எதுவும் ஊற்றாத பர்லி என்றார். கோவிந்தசாமி, கோக்கோ ஊற்றியது என்றார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

முதலாளி அதைத் தன் பெயரில் டின்னில் அடைத்து விற்பேன் என்றார். ஐந்தாவது அநியாயம். கலவைக் கூடையோடு வாசலில் உட்கார்ந்து, ‘கலந்தவன் பெயர் எங்கே?’ என்று துண்டறிக்கை கொடுத்தேன். சொல்தாக்கள் ஆளுக்கொன்று வாங்கிப் பைப்பைத் துடைத்தார்கள். மூட்டை தூக்குகிறவன் பெயரையும் சேர்த்துப் போடவா என்று முதலாளி கேட்டார். அப்படிக் கேட்டவர், சரக்கெடுக்க நாகப்பட்டினம் போய்வந்த அன்று, வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். என் வாழ்நாளில் முழுதாக வென்ற மறியல் அதுதான். “தோழரே, உங்க பேரையே பெருசாப் போட்டுக்குங்க. என் பேரு ஒரு மூலையிலகூட வேணாம்” என்றார் முதலாளி.

பரீட்சை நடுவே வந்தவர்

‘தயாரித்தவர்’ என்று போட்டு, தகப்பன் பெயரோடும் ஊரோடும் என் பெயர் அச்சாகி வந்தது. ஒவ்வொரு டின்னிலும் நானே பசை தடவி ஒட்டினேன். அந்த வாரக் கடைசியில், பரீட்சை நடந்துகொண்டிருக்கையில், கலால் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது. நாகப்பட்டினத்தில் சில நாட்களாகவே கடை கடையாக ஏறிக்கொண்டிருந்தாராம். புகையிலையைக் கலந்து டின்னில் அடைக்க லைசென்ஸ் எங்கே என்றார். முதலாளி நொடியில் ஏழையாகிவிட்டார். தான் வெறுமே வாங்கி விற்கிறவன், செய்தவர் பெயர் டின்னிலேயே இருக்கிறது என்றார். அவர் நாகப்பட்டினத்தில் எடுத்துவந்த சரக்கு எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனாலும் “நான்தான் சார்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

டின்களைக் கைப்பற்ற மகசர் எழுத வேண்டும், அதற்கு இரண்டு சாட்சி வேண்டும். பெஞ்சில் இருந்த இருவரையும் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். பாதி எரியவில்லை, ஆகவே பதில் இல்லை. அவர் காத்திருந்தார். எரிந்ததும் அந்துவான் சொன்னார். “உரக்கப் படிச்சுச் சொல்லுங்க ஐயா. காதால கேக்காம நாங்க கையெழுத்துப் போட்டதில்ல.”

ஆலையும் சங்கமும் மேடையும் மாறி மாறி விழுங்கிய என் பெயரை, சொல்தாக்கள் இருவரும் விறைப்பாக எழுந்து நிற்க, ஒரு எழுத்தும் விடாமல் முதன்முதலாக உரக்க வாசித்த பெருமை அரசாங்கத்தையே சேரும்: “போலகம் முருகையன் மகன் வேதாசலம்.”