பேடு மட்டும் போதும்

நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன். அவ்வளவு ஆழமாகப் படித்தும் ஒன்றும் ஏறவில்லை. பிற்பாடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னமும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் நான் கெட்டி. தெருவில் எத்தனை வண்டி போனாலும், எங்கள் வேனின் சத்தத்தைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவேன். அதற்குப் பரீட்சை வைத்திருந்தால் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன்.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்தோம். அப்பாவிடம் ஒரு வெள்ளை வேன் இருந்தது. ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மாமல்லபுரம் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டி, பொரித்த மீன் எங்கே நன்றாக இருக்கும் என்று சொல்லி, திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். அம்மாவுக்கு மறைமலைநகரில் ஒரு ரப்பர் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் கம்பெனி பஸ் ஏறினால், நான் தூங்கிய பிறகுதான் வருவாள். அதனால் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே பூட்டைத் திறந்து, நானே உள்ளே போய், "வந்துட்டியா, வா" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்பா வர ஏழரை எட்டு ஆகும். அதுவரை டிவி. டிவி போடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். போடாமல் இருக்க முடியாது என்பது என் நிலைமை. செய்தி வாசிக்கிற அம்மா கைகூப்பி வணக்கம் சொன்னால், நானும் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். என்னைப் பார்த்து அடி, திட்டு இல்லாமல் மரியாதையாகப் பேசுகிறவர் அந்த நாளில் அவர் ஒருவர்தான். விலைவாசி ஏறிவிட்டது என்று அவர் சொன்னால், "ஆமாங்க, பேஜாரா கீது" என்று நானும் வருத்தப்படுவேன்.

அப்பா வந்ததும் முதல் வேலையாக டிவி தலையில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், "இன்னாடா, இதுக்கு ஜுரமா?" என்பார். அதற்கப்புறம் எனக்குத்தான் ஜுரம்.

என்னைக் காப்பாற்றியது வேனின் பிரேக். எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருந்தது. அதில் அப்பா பிரேக் போட்டால், பேய்க்கு ஊசி போட்டதுபோல் ஒரு கிறீச். அங்கிருந்து எங்கள் வாசலுக்கு வண்டி வர, நான் இருபத்திரண்டு எண்ண வேண்டும். எட்டுக்குள் டிவி அணைந்திருக்கும். பதினைந்துக்குள் ஈரத்துணியால் அதன் தலையைத் துடைத்திருப்பேன். இருபதில் புத்தகம் விரிந்திருக்கும். தலைகீழாக விரிந்த நாட்களும் உண்டு.

அந்தச் சத்தம் டிவிக்காகத்தான் வேண்டும் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் டிவியே ஓடாத சாயங்காலங்களிலும் எதற்காகக் கதவோரம் உட்கார்ந்து அதற்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை, வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனபோது என்னையும் முன் சீட்டில் உட்கார வைத்தார். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆடு, குடும்பத்தோடு சாலையைக் கடந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, ஆனால் உடனே நிற்கவில்லை. ஸ்டியரிங் உடுக்கை மாதிரி அப்பாவின் கையில் கிடந்து ஆடியது. கடைசி ஆட்டுக்குட்டிக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்திருக்கும். பின்னால் அந்த அம்மா ஏதோ சாமியைக் கூப்பிட்டாள். திரும்பி வரும்போது அப்பா கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் திருக்கழுக்குன்றம் ரோட்டில் இருந்த மாமாவின் ஷெட்டுக்குப் போனோம். மாமா, அம்மாவுக்குத் தம்பி; அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். மெக்கானிக். முன்சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு, பிரேக் அடித்தால் பேடு என்கிற கட்டை கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டில், அதாவது டிஸ்க்கில், கட்டைவிரல் நகத்தை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தார். ஓரத்தில் நகம் டக்கென்று மாட்டி நின்றது.

"மாமா, இங்க வா. பேடு சுத்தமா தேஞ்சி போச்சி. அது போவட்டும், டிஸ்க்க பாரு. நடுவுல பள்ளம், ஓரத்துல வரப்பு. கயனி மாதிரி கீது. நாத்து நடலாம்."

"கடலாண்டயே வண்டி நிக்குது மச்சான். உப்புக் காத்து அரிக்காம இன்னா பண்ணும்?" என்றார் அப்பா.

"அதான் சொல்றேன், ரெண்டயும் சேத்து மாத்திடு."

"பேடு மட்டும் போடு. போதும்."

மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "பழய டிஸ்க்ல புது பேடு போட்டா இன்னா ஆவும் தெரியுமா? புதுசா பல்லு செட்டு கட்டிகினு கல்ல கடிக்கிற மாதிரி. ஆறே மாசத்துல பேடும் பூடும். சத்தம் வேற, இப்ப கத்தறத விட ஜாஸ்தியா கத்தும்."

"லேத்துல குடுத்து சீவிடேன்."

"போன வருசம் சீவியாச்சி. இன்னொரு தரம் சீவினா அப்பளம்தான். எண்ணெயில போட்டு எடுத்து துன்னலாம்."

எனக்கு இதிலிருந்து ஒன்றுதான் விளங்கியது. டிஸ்க்கை மாற்றினால் சத்தம் போய்விடும். அப்புறம் தெருமுனையில் வண்டி வருவது எனக்குத் தெரியாது. பூனை மாதிரி வந்து நிற்கும். அதுவரைக்கும் அந்த வீட்டில் நான் எதைக் கேட்டுக்கொண்டிருப்பது?

மாமா ஜாக்கி மேல் நின்ற வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி, ஒன்னு சொல்லு. பிரேக்கு அடிச்சா ஸ்டியரிங் ஆடுதா? ஆடலன்னா உன் இஷ்டம், டிஸ்க்க தேச்சி உட்டு பேடு மட்டும் போட்டுத் தரேன். ஆடிச்சின்னா டிஸ்க்கு கோணிக்கிச்சின்னு அர்த்தம். அப்புறம் பேச்சே கெடயாது, மாத்தித்தான் ஆவணும்."

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"ஆடல மாமா! நேத்து நா முன்னாடி சீட்லதான் குந்திகினு இருந்தேன். கல்லு மாதிரி இருந்திச்சி!"

என்னைக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதில் மட்டும் நான் எப்போதும் கெட்டிக்காரன். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கு ஒருநாளும் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நேற்று ஆடிய ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அவர். அறை விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். விழவில்லை.

"ஆடலயாம். அதான் சொல்றான்ல," என்றார் மாமாவிடம்.

"நா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டா?"

"வோணாம் மச்சான். பேடு போடு."

மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஏன் மாமா, வண்டிய இன்னும் எவ்ளோ நாளிக்கு வெச்சிகினு இருக்கப் போற?" என்று கேட்டார். அப்பா சட்டைப்பையைத் தடவிப் பீடியை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார். மாமா உட்கார்ந்து அந்த இரண்டு டிஸ்க்கையும் எமரித்தாள் வைத்துத் தேய்த்தார். வரப்பை அரம் போட்டுத் தட்டையாக்கினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வண்டியை இறக்கிவிட்டு, "மெதுவா ஓட்டு மாமா, அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது," என்றார். எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக்கொடுத்தார். நான் ஏமாற்றிவிட்ட ஆளிடமே பரிசும் வாங்கிவிட்ட சந்தோஷத்தில் அதைக் குடித்தேன்.

வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். நான் கேட்காமலே என் மனதைப் படித்திருக்கிறார். அவரைப் போல் ஓர் ஆள் செங்கல்பட்டிலேயே கிடையாது.

இரண்டு நாள் வண்டி சத்தமே இல்லாமல் வந்தது. இரண்டு நாளும் டிவியோடு பிடிபட்டேன். இரண்டாம் நாள் வாங்கிய அடியில் மாமாவின் எமரித்தாளைச் சபித்தேன். மூன்றாம் நாள் தெருமுனையில் கிறீச். மாமா சொன்னது சரிதான், முன்பைவிட நன்றாகவே கத்தியது. ஏரிக்கரைக் கொக்குகூடத் திரும்பிப் பார்த்திருக்கும். நான் டிவியை அணைக்க மறந்து, வாசலுக்கு ஓடிச் சிரித்துக்கொண்டு நின்றேன். அதற்கும் அடி.

இரண்டு மாதம்போல் அப்படிப் போயிற்று. ஒரு நாள் ஐந்து மணிக்கே கிறீச் கேட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா என்று வாசலுக்கு ஓடினேன். வேன் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் வேறு ஒருத்தர் இருந்தார். பெரிய மீசை, மடியில் துண்டு. அப்பா இந்தப் பக்கம், என் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

வந்தவர் செய்யூர்க்காரர், வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவர். இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். "இன்னாங்க இது, பிரேக்கு இப்டி கத்துது?" என்றார்.

"டிஸ்க்கு பழசு அண்ணாத்த," என்றார் அப்பா. "பேடு மட்டும்தான் மாத்தனேன். ஸ்பீடுல பிரேக்கு அடிச்சா ஸ்டியரிங்கு ஆடும். எடுத்த ஒடனே டிஸ்க்க மாத்திடுங்க, அப்புறம் ஓட்டுங்க. அதுக்கோசரம்தான் வெலய கொறச்சி சொன்னேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பொய்யை, என் எதிரிலேயே, முன்பின் தெரியாத ஆளிடம் அப்பா போட்டு உடைத்துவிட்டார். எனக்கு உடனே கணக்கு விளங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு கணக்கு விளங்கியது, அதுவும் தப்பாக. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மாமா டிஸ்க்கை மாற்றியிருப்பார். டிஸ்க் மாறியிருந்தால் வண்டி நன்றாக ஓடியிருக்கும். நன்றாக ஓடுகிற வண்டியை எவன் விற்பான்? ஆடாது என்று சொன்னவன் நான். விற்க வைத்தவனும் நான்.

வேனில் போகிறவர்கள் குறைந்துகொண்டே வந்ததும், அப்பா மஸ்கட்டுக்கு டிரைவர் வேலைக்கு எழுதிப்போட்டிருந்ததும், அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்காக அழுததும் அந்த வீட்டுக்குள்ளேயேதான் நடந்திருக்கின்றன. வேன் சத்தத்தைத் தெருமுனையில் பிடிக்கிற என் காதில் அது ஒன்றும் விழவில்லை.

பத்தே நாளில் அப்பா கிளம்பினார். ஏர்போர்ட்டுக்கு அடுத்தவர் காரில் போனார். நான் அழவில்லை. குற்றவாளி அழக்கூடாது என்று எனக்கு ஓர் எண்ணம். அம்மா மறுநாள் கம்பெனி பஸ் ஏறினாள். நாலரை மணிக்கு நான் பூட்டைத் திறந்தேன். டிவியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், தலையில் கை வைக்க ஆளில்லை. நானே அவ்வப்போது கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். நன்றாகச் சூடாகத்தான் இருந்தது. செய்தி வாசிக்கிற அம்மா வணக்கம் சொன்னபோது எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போன் இருந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், "டேய், உங்க நைனாடா, மஸ்கட்லேர்ந்து, ஓடியா!" என்று சுவருக்கு மேலே கத்தினாள். அம்மா முதலில் பேசினாள். "சாப்டியா", "உடம்பு எப்டி கீது" என்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. அப்புறம் போனை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"இன்னாடா, ஒயுங்கா ஸ்கூலுக்குப் போறியா?" என்றது அப்பாவின் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

மூன்று வாரமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"நைனா, ஸ்டியரிங்கு ஆடிச்சி நைனா. நான்தான் பொய் சொன்னேன். மாமாகிட்ட நா இப்பவே போயி ஆடுதுன்னு சொல்லிடறேன். செய்யூர்க்காரர்கிட்ட வண்டிய திருப்பி வாங்கி டிஸ்க்க மாத்திட சொல்லலாம். சத்தம் வராட்டி பரவால்ல. நீ வந்துடு."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"அலோ," என்றேன். இன்னொரு முறை சத்தமாக, "அலோ, நைனா!" என்றேன். ரிசீவரைக் காதில் அழுத்திக் கேட்டேன். கடல் இரைச்சல் போல் ஏதோ மெல்லியதாக இருந்தது, அவ்வளவுதான்.

"லைன் கட் ஆயிடிச்சிக்கா," என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பாதியாவது அப்பா கேட்டாரோ இல்லையோ என்று கவலைப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

லைன் கட்டானால் டொய்ங் டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு அது வரவில்லை. சத்தங்களைப் பிரித்து எடுப்பதில் கெட்டி என்று பீற்றிக்கொண்ட எனக்கு, அந்த ஒரு வித்தியாசம் அப்போது தெரியவில்லை.