ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது

என் கணவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் நடுவே ஓடுகிற வண்டி. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, வாரத்தில் மூன்று நாள் காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு சாயங்காலம் திரும்புவார். நாள் முழுக்க நின்றுகொண்டே ஊராரிடம் பேசிப் பழகிய மனிதருக்கு, கையை அசைக்காமல் மணிக்கணக்காகப் படுத்திருப்பதுதான் நோயைவிடப் பெரிய தண்டனை. அங்கே மனசில் ஓடியதையெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம் கொட்டுவார்.

தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிப்பது என் வேலை. ஒருநாள் கடைக்கு வந்து உட்கார்ந்தவர், "ஊருல இருக்கறவன் மனுவையெல்லாம் அடிக்கிற. என்னுதையும் கொஞ்சம் அடியேன்" என்றார். அப்படித்தான் அவருடைய வலைப்பூ தொடங்கியது. அவர் சொல்லுவார், நான் அடிப்பேன். பேச்சில் வருவதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது மட்டும் என் பொறுப்பு. தாகத்தை எப்படி அடக்குவது, ஊசி போடுகிற கையில் பை தூக்கக் கூடாது என்பதை வீட்டு மனிதர்களுக்கு எப்படிப் புரியவைப்பது, ரயிலில் உட்கார இடம் கேட்கும்போது வெட்கப்படாமல் இருப்பது எப்படி, இப்படிப்பட்ட விஷயங்கள். ஒவ்வொரு பதிவையும் "மிஷின் சொந்தங்களே" என்று ஆரம்பிப்பார். ஒரே மாதிரி இயந்திரத்தில் ரத்தத்தை விட்டு எடுக்கிறவர்கள் எல்லாம் ஒரு குடும்பம் என்பது அவர் கணக்கு.

படிக்க ஆள் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்கள். வேலூர், சித்தூர், அம்மையார்குப்பம், சென்னை என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் கீழே கேள்வி எழுதுவார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லுவார். மருந்து பற்றிக் கேட்டால் மட்டும், "அத டாக்டர கேக்கச் சொல்லு, நான் டிக்கெட் கிழிச்சவன்" என்பார். அதையும் அப்படியே அடிக்கச் சொல்லுவார்.

மழைக்காலத்தில் ஒருநாள், மருத்துவமனையில் இயந்திரத்தில் இருக்கும்போதே அவர் இதயம் நின்றுவிட்டது. காரியமெல்லாம் முடிந்து கடைக்குத் திரும்பிய அன்று, வலைப்பூவில் அவர் இறந்துபோன செய்தியை நாலு வரியில் எழுதிப் போட்டேன். அதற்குக் கீழே நிறையப் பேர் அழுதிருந்தார்கள். அவர் எழுதினதை எடுக்க மனசு வரவில்லை. படிக்கிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து அந்தத் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வலைப்பூக்களுக்குப் புதிய வசதிகள் வந்திருப்பதாகவும், இனி எழுதுவது முன்பைவிடச் சுலபம் என்றும் இருந்தது. கணினியில் திறந்தபோது திரை முழுக்க ஒரு வண்ணப் படம் வந்து மறைத்தது. 'இப்போதே தொடங்கு', 'பிறகு' என்று இரண்டே பொத்தான்கள். வெளியே மனு எழுத ஆள் நின்றிருந்தார். நான் 'பிறகு' என்பதை அழுத்தினேன். எதை அழுத்தினாலும் ஒன்றுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் கண்ணில் பட்டது வரிசை மாறியிருந்ததுதான். புதிய பதிவு மேலே, பழையது கீழே என்றிருந்தது போய், அதிகம் பேர் படித்தது மேலே என்று ஆக்கியிருந்தார்கள். தேதிகளையும் காணோம். தாகம் பற்றி எழுதியது முதலில் நின்றது. அவர் இறந்த செய்தி அடியில் எங்கேயோ போய்விட்டது. அதோடு, பழைய பதிவுகளை எடுத்துப் புதிதாக எழுதியது போலப் படிக்கிறவர்களுக்கெல்லாம் தளமே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் புதிய ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு அவர் உயிரோடு இருந்தார்.

வேலூரிலிருந்து ஒருவர், "அண்ணா, உங்க எழுத்தைப் படிச்சா தைரியமா இருக்கு" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே பதில் இருந்தது.

"மிஷின் சொந்தமே, உங்கள் அன்புக்கு நன்றி. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் தைரியமாக இருங்கள்."

அவர் பெயரில், சின்ன வட்டத்துக்குள் அவர் படத்தோடு.

யாரோ உள்ளே புகுந்து விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அமைப்புகளுக்குள் போய்த் தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. வலைப்பூ எழுதுகிறவர் பதில் சொல்ல நேரமில்லாமல் இருந்தால், அவருடைய பழைய எழுத்தைப் படித்து அவரைப் போலவே தளம் பதில் சொல்லும். அதுவும் புதிய வசதிகளில் ஒன்று. அதற்கு நேரே இருந்த பொத்தான் ஏற்கனவே பச்சையாக இருந்தது.

உடனே அணைக்கப் போனேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். வந்திருந்த பதில்களையெல்லாம் வரிசையாக உட்கார்ந்து படித்தேன். அது அவர் இல்லை என்று தெரியும். இருந்தாலும் படித்தேன். 'கொஞ்சம் பொறு கண்ணு' என்று ஒரு பையனுக்குச் சொல்லியிருந்தது. அவர் பஸ்ஸில் பேசுகிற மாதிரியே இருந்தது. கடைக்காரர் என்னம்மா அழுகிறாய் என்று கேட்டதும்தான் நிமிர்ந்தேன்.

பொத்தானை அணைக்க, பதிவு செய்த செல்போனுக்கு ஒரு எண் வரும் என்றது. அது அவருடைய நம்பர். அவர் போன பிறகு ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது வேறு யாருக்கோ போயிருந்தது. கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஒரு நம்பர் வந்திருக்கும்மா, அத மட்டும் கொஞ்சம் சொல்றியா? இது என் வூட்டுக்காரர் போன்மா, அவரு செத்துட்டாரு" என்றேன்.

"ஓடிபி கேக்குறியா? செத்தவன் பேர சொல்லி ஏமாத்துறியா? போலீஸாண்ட சொல்லட்டுமா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

தளத்தின் உதவிப் பக்கத்தில் எழுதினேன். இறப்புச் சான்றிதழையும் அனுப்பினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது. திரும்ப எழுதினேன். அதே வரி திரும்ப வந்தது. அதையும் மனுஷன் எழுதவில்லை என்று தோன்றியது. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே, "இதை எழுதியது என் கணவர் அல்ல. அவர் காலமாகிவிட்டார். இது தளம் தானாகச் சொல்வது, நம்பாதீர்கள்" என்று நானே எழுத ஆரம்பித்தேன். மனு அடிக்கிற இடைவெளியில் அதுதான் வேலை. நான் ஒரு பக்கம் எழுத, இன்னொரு பதிவின் அடியில் அது பேசிக்கொண்டிருக்கும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள். நெற்றியில் பொட்டில்லை. கையில் ஒரு செல்போன், கறுப்புக் கரை போட்ட பத்திரிகைக் கட்டு ஒன்று.

"கண்டக்டர் அண்ணன் வூட்டம்மா நீங்கதானுங்களா?"

"ஆங், நான்தான்."

"தாலுகா ஆபீஸ் எதிர்ல கடைன்னு அண்ணன் எழுதியிருந்தாருக்கா. அத வெச்சி விசாரிச்சிகினு வந்தேன். அம்மையார்குப்பத்துலேர்ந்து வரேன். எங்க வூட்டுக்காரர் பவர்லூம்ல இருந்தாரு. அண்ணன் மாதிரியே அவருக்கும் மிஷின் வெச்சிகினு இருந்தாங்க. தவறிப் போய்ட்டாரு." பத்திரிகை ஒன்றை உருவி நீட்டினாள். "வர்ற ஞாயித்துக்கெழம காரியம். அண்ணன் கண்டிப்பா வரணும். அவரு மேல உசுரயே வெச்சிருந்தாரு. அண்ணன் இருக்காருங்களா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தேன்.

"அவரு இல்லம்மா. போன மழையிலயே போய்ட்டாரு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "எந்த மழையிலக்கா? போன மாசம்தான எங்க வூட்டுக்காரருக்கு பதில் எழுதினாரு?"

செல்போனைத் திறந்து காட்டினாள். நகரியில் அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று. அவள் கணவர் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய அதே நாள். "அண்ணா, மச்சினன் கல்யாணம், போவலன்னா நல்லாருக்காது. ஒரு நாள் மிஷின வுட்டா பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தார். நான் இன்னும் எட்டிப் பார்க்காத ஒரு பழைய பதிவின் கீழே கேட்டிருந்தார். பதில் அடுத்த வரியிலேயே இருந்தது.

"மிஷின் சொந்தமே, நானும் ஆடிக் கிருத்திகைக்கு இப்படி விட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்."

"போவாதன்னு நான் சொன்னேங்க்கா" என்றாள். "என் தம்பி கிட்ட நான் பேசிக்கிறேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னேன். இந்தா பாரு, அண்ணனே சொல்லிட்டாருன்னு போன காட்டினாரு. அண்ணன் அனுபவஸ்தர், உனுக்கு இன்னா தெரியும்னாரு. கல்யாணத்துல சிரிச்சிகினுதான் இருந்தாரு. மறுநாள் காலையில மூச்சு வாங்கிச்சி. ஆட்டோவுல ஏத்தினோம். பாதி வழியில…"

சொல்லி முடிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் மெதுவாகச் சொன்னேன். "அத எங்க வூட்டுக்காரர் எழுதலம்மா. மிஷின் எழுதினது."

"எந்த மிஷினு?"

அவளுக்குத் தெரிந்த மிஷின் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பது. நான் கணினியைக் காட்டினேன். எனக்குப் புரிந்த வரையில் சொன்னேன். செத்தவர் எழுத்தைப் படித்து அவரைப் போலவே பேசும்படி செய்திருக்கிறார்கள், அதற்கு யாரிடமும் கேட்கவில்லை, நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அப்போ ஆடிக் கிருத்திகைக்கு அண்ணன் மிஷின வுட்டது பொய்யா?" என்றாள்.

பொய்யில்லை. அந்தப் பதிவைத் தேடி எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நானே அடித்தது.

"ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் காவடி. ரயிலில் ஏற முடியாத கூட்டம். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். மறுநாள் விடியும்போது என்னால் படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மிஷின் சொந்தங்களே, கல்யாணம், சாவு, திருவிழா எதுவானாலும் மிஷினை விடாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்."

"இன்னொரு வாட்டி படிங்க" என்றாள். படித்தேன். 'என்று நினைத்தேன்' என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த இரண்டு வார்த்தையைத்தான் அது விழுங்கியிருந்தது.

அவள் அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே முறைத்துப் பார்த்தாள். பிறகு, "இன்னும் யாரு யாருக்கு இன்னா சொல்லிகினு இருக்குதோ" என்றாள். "அத மூடுங்கக்கா."

மூட ஒரு வழி இருந்தது. எனக்கு முன்பே தெரியும், மனசு வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்வதை மட்டும் நிறுத்தச் செல்போன் எண் வேண்டும். வலைப்பூ முழுவதையும் அழிப்பதற்குக் கடவுச்சொல் போதும். அவர் சொல்லி நான் அடித்ததெல்லாம் கடைக் கணினியில் இருக்கிறது. ஆனால் அங்கே கீழே எழுதியவர்கள், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டது, அவரே சொன்ன பதில்கள், அதற்கெல்லாம் வேறு பிரதி கிடையாது. உண்மையில் அவர் பேசியதும் பொய்யாக அது பேசியதும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தன.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அழித்தேன். 'நீங்கள் போவது எங்களுக்கு வருத்தம்' என்று ஒரு வரி வந்தது. பக்கம் வெள்ளையாகிவிட்டது. அவள் எழுந்து பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டாள். "நீங்களாவது வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்து அம்மையார்குப்பம் போனேன். அந்தத் தெருவில் அன்றைக்குத் தறிகள் ஓடவில்லை. இறந்தவரின் அம்மா மூலையில் சுருண்டு கிடந்தாள். யார் இந்தப் பொம்பளை என்று உறவுக்காரர்கள் கேட்டபோது, "அவருக்கு வேண்டியவங்க" என்று மட்டும் கடைக்கு வந்த அந்தப் பெண் சொன்னாள். அவள் நினைத்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு அழைத்த மச்சினன் யார் முகத்தையும் பார்க்காமல் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தான். என்னால் இலையில் உட்கார முடியவில்லை.

கிளம்பும்போது ஒருவர் பின்னாலேயே வந்தார். இடது முழங்கைக்குக் கீழே பிளாஸ்திரி. டயாலிசிஸ் செய்கிறவர் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

"கண்டக்டர் வலைப்பூ நாலு நாளா தொறக்கலங்க. நீங்கதான் மூடிட்டீங்கன்னு இந்தம்மா சொல்லுது" என்றார். "எங்களுக்கு அது ஒன்னுதாங்க இருந்துது. ராணிப்பேட்டைக்காரன் ஒருத்தன், சித்தூர் அம்மா ஒன்னு, எல்லாம் அதுல பழகினவங்க. அவங்க நம்பர் கூட எங்ககிட்ட கெடயாது. இப்ப அவங்கள எங்க போய்த் தேடறது?"

"அது தப்புத் தப்பா பேசிச்சிங்க. அதான்…"

"தெரியுங்க. சொன்னாங்க." பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டுக்கொண்டார். "அப்ப நீங்களே எழுதுங்களேன். அவரு கூடவே இருந்தவங்கதானே."

"நான் அந்தக் கட்டில்ல படுத்தவ இல்லீங்களே" என்றேன். "அவரு சொன்னத அடிச்சவதான். என் பேச்ச கேட்டு இன்னொருத்தருக்கு ஒன்னு ஆச்சின்னா என்னால தாங்க முடியாதுங்க."

அவர் தலையாட்டினார். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. நாளைக்கு அவருக்கு முறை, முதல் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிளாஸ்திரிக் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு பந்தல் பக்கம் திரும்பி நடந்தார். பஸ் வர நேரமானது. அந்த ராணிப்பேட்டைக்காரர் என்ன பெயரில் எழுதுவார் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.