நான் மாட்டிய எஞ்சின்

2008இல் ராமநாதபுரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் வெப்சைட் செய்துகொடுக்கும் கம்பெனி நடத்தினேன். கம்பெனி என்றால் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று, டிப்ளமோ முடித்துவிட்டு வாலிநோக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண். சென்னையில் மூன்று வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், இந்த இரண்டு பேரில் மூளை நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ராமேஸ்வரத்து லாட்ஜ் ஒன்றுக்கு வேலை நடந்தது. தமிழ், இந்தி, தெலுங்கு மூன்றிலும் பக்கங்கள் தை அமாவாசைக்குள் தயாராக வேண்டும். பக்கத்தின் அச்சை மட்டும் எழுதி, அறை விவரங்கள் வரவேண்டிய இடங்களைக் காலியாக விட்டுவைப்போம். அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். காலி இடங்களை நிரப்பி முழுப் பக்கமாகத் தருவது டெம்ப்ளேட் எஞ்சின். சைட் கட்டுவதற்கென்று நாங்கள் வைத்திருந்த ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருளிலேயே ஒன்று இருந்தது. அவள் ஒரே வாரத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. அது எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது.

அப்போதுதான் இணையத்தில் வேறொரு எஞ்சினைப் பற்றிப் படித்தேன். அதில் எழுதினால் பாதி எழுத்து மிச்சம், பார்க்கவும் அழகு என்றார்கள். எங்கள் ஃபிரேம்வொர்க் எந்த எஞ்சினையும் ஏற்றுக்கொள்ளும். கோப்பின் பெயர் எப்படி முடிகிறதோ, அதற்குரிய எஞ்சின் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் மாற்றினேன். யாரும் கேட்கவில்லை.

புது எஞ்சினில் ஒவ்வொரு வரியும் எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பதில்தான் உயிரே இருந்தது. ஒரு இடைவெளி கூடினால் பக்கம் வராது. லாட்ஜ்காரர் அனுப்பும் தெலுங்கை ஒட்டும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று கூடவே வந்துவிடும். அவள் திரையில் விரலை வைத்து எண்ணிப் பார்ப்பாள். பிறகு, "அண்ணே, கொஞ்சம் இங்கன வந்து பாருங்க" என்பாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போவேன். ஒரு தட்டில் சரியாகிவிடும். அதன்பின் பத்து நிமிடம் விளக்கவுரை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அவளுக்கு ஐந்தரை மணி பஸ். அந்த மாதம் நான்கு தடவை அதைத் தவறவிட்டாள். நான்காவது தடவைக்கு மறுநாள் காலையில் சொன்னாள்: "வீட்டுல அய்யா சொல்லிட்டாங்கண்ணே. இன்னொரு தடவ பஸ்ஸ விட்டா வேலைக்கே போக வேணாமாம்."

"வெரசா முடிக்கப் பாரு" என்றேன். இந்த யோசனையைச் சொல்லத்தான் சென்னையில் மூன்று வருடம் பழுத்து வந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸை விடவே இல்லை. என்னைக் கூப்பிடுவதும் நின்றது. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். "எல்லாம் நாம குடுக்குற ட்ரெயினிங்லதான் இருக்குண்ணே" என்று லாட்ஜ்காரரிடம் போனில் பெருமையடித்தேன்.

அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பக்கங்களின் தலைப்பில் இருக்கும் போன் நம்பரை மாற்றச் சொன்னார் அவர். நானே மாற்றினேன். சைட்டில் பழைய நம்பரே நின்றது. மறுபடி மாற்றினேன். கம்ப்யூட்டரைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன். கடைசியில் கோப்புகளைத் திறந்து பார்த்தால், நான் மாற்றிக்கொண்டிருந்தது புது எஞ்சினுக்கான தலைப்புக் கோப்பை; பக்கங்களோ எல்லாம் பழைய எஞ்சினுக்கே திரும்பியிருந்தன. புது எஞ்சினில் மிச்சம் இருந்தது ஒரே பக்கம். சைட்டைச் செய்தவர் என்று என் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்ட பக்கம். நான் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று அதை மட்டும் தொடாமல் வைத்திருக்கிறாள்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "மூணு தடவ கேட்டேண்ணே, பழையதுக்கே மாத்திருவமான்னு. பழகப் பழகச் சரியாப் போகும்னீங்க."

கேட்டிருக்கிறாள். மூன்று தடவையும் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. இத்தனை வருடம் கழித்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தவன், இங்கே வரும்வரை அதை மட்டும் விட்டுவிட்டுத்தான் எழுதிவந்திருக்கிறேன்.