கொட்டாவி பூதத்துக்கு ஒரே ஒரு துண்டு

ஹோட்டல் வரவேற்பு மேசையில் சாவி வாங்கும்போதே பூதக்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவருக்கு முன்னால் நின்ற கதாநாயகருக்கு ஊதா நிற உறையில் சாவி, ஒரு பூங்கொத்து, ஒரு கோப்பை பழச்சாறு. அவருக்குப் பின்னால் நின்ற கேமராக்காரருக்கும் அதே உறை, அதே பூ, அதே பழச்சாறு. நடுவில் மாட்டிய இவருக்கு மட்டும் மொட்டைச் சாவி. அதோடு விட்டார்களா? அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி முன்னும் பின்னும் நகலெடுத்து, அறைச் சாமான்களின் பட்டியல் ஒன்றை நீட்டிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள் அந்த மேசைப் பெண்.

“எல்லாருக்கும் இப்படித்தானாம்மா?” என்று கேட்டார்.

“ஆமா சார், எல்லாருக்கும்தான்,” என்று அவள் கணினியைப் பார்த்துச் சொன்னாள். முகம் பார்த்துச் சொல்லாத பதிலை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

பூதக்காரர் என்றதும் மந்திரவாதி என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் தொலைக்காட்சியில் ஒரு குழந்தைகள் தொடர் ஓடியது. அதில் கொட்டாவி பூதம் என்று ஒன்று வரும். உடம்பெல்லாம் பச்சை ரோமம், ஆள் நீளத்துக்கு வால், எப்போதும் பிளந்த வாய். வாய் ஏன் பிளந்திருந்தது? உள்ளே இருக்கும் மனுஷனுக்குக் கண் தெரிய வேறு ஓட்டை கிடையாது, அதனால்தான். அந்த உள்ளே இருந்த மனுஷன் இவர். ஒன்பது வருடம் வேகாத வெயிலில் அந்த ரோமத்துக்குள் வெந்தார். ஊரெல்லாம் பூதத்தைத் தெரியும், இவர் முகத்தை ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

ஒரு சாண் ஓட்டை வழியாக ஒன்பது வருடம் உலகத்தைப் பார்த்தவன் எப்படி இருப்பான்? பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது, முதுகுக்குப் பின்னால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஒருமுறை வாலில் பழைய செருப்பைக் கட்டி அரை நாள் நடக்கவிட்டார்கள், படுபாவிகள். அன்று பிடித்த சந்தேகம் உடையைக் கழற்றிய பிறகும் கழலவில்லை. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பார். பேருந்தில் நடத்துநர் சொல்லும் நிறுத்தத்தைப் பக்கத்து ஆளிடம் சரிபார்ப்பார். கடிகாரம் ஒழுங்காக ஓடினால்கூட, “எப்படி இவ்ளோ சரியா ஓடுது?” என்று கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதர் இந்த ரசிகர் மாநாட்டுக்குத் தானாகக் கடிதம் போட்டு வந்திருக்கிறார் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அந்தத் தொடரின் ரசிகர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள் என்பதே இந்த வருடம்தான் அவர் காதுக்கு எட்டியது. பழைய பூத உடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம். கீழே ஒரு பித்தளைத் தகடு, அதில் உள்ளே இருந்தவரின் பெயர். முகந்தான் போயிற்று, பெயராவது நிற்கட்டுமே என்று மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது.

துணைக்கு மகள் வந்திருந்தாள். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் பார்க்கிற வேலை, நாற்பது வயது, நறுக்கென்ற பேச்சு. அப்பாவுக்கு முட்டிவலி, தனியாக அனுப்ப முடியாது என்று இரண்டு நாள் விடுப்பு போட்டாள். பாசமாகத்தான் வந்தாள், ஆனால் இருவருக்கும் எந்தச் சண்டை வந்தாலும் அவள் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: “நீங்க எப்பப்பா வீட்ல இருந்தீங்க?” படப்பிடிப்பு, படப்பிடிப்பு என்றே அவள் குழந்தைப் பருவம் ஓடிப்போனது.

அறை தரைத்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டினாற்போல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் கடகடவென்று உருண்டன. பூதக்காரர் பெட்டியை இறக்காமலே வேவு பார்க்கத் தொடங்கிவிட்டார். இரண்டு பேருக்கு ஒரே ஒரு துண்டு. மேசையில் வட்டமாக ஒரு தடம்.

“பாத்தியா? இங்க கெட்டில் இருந்திருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடி தூக்கிட்டாங்க.”

“ரிப்பேருக்குப் போயிருக்கும்பா. வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க.”

“துண்டும் ரிப்பேருக்குப் போயிருக்கா?”

மகள் தலையில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனாள், இருந்த ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு. அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டு மின்தூக்கியில் ஏறினார். மற்ற விருந்தினர்கள் எல்லோரும் ஐந்தாம் மாடி என்று வாசலிலேயே காதில் வாங்கியிருந்தார்.

ஐந்தாம் மாடியில் காலடியே கேட்காத கம்பளம். அறைகளைச் சுத்தம் செய்யும் அம்மாள் ஒரு தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். வண்டியில் துண்டுகள் மலையாக இருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு பழக்கூடை, அதில் செருகிய அட்டையில் கொட்டை எழுத்தில், ‘எங்கள் கொட்டாவி பூதத்துக்கு அன்புடன்’ என்று எழுதியிருந்தது.

அடடா, அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது. “அது எனக்குத்தாம்மா, குடுங்க,” என்று கையை நீட்டினார்.

அம்மாள் கூடையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “இது கடைசி ரூம் சாருக்கு. மூணு வருஷமா அவருக்கு அதே ரூம்தான்.”

“யாருக்கு?”

“பூதம் சாருக்கு.”

குளிர்ந்த உச்சி கொதித்தது. கடைசி அறைக் கதவை உள்ளங்கையால் தட்டினார். திறந்தது வெள்ளை அங்கி போட்ட ஒரு வழுக்கைத் தலை. அடையாளம் தெரிய அரை நிமிடம் ஆனது. ஜிப்புக்காரன்! அந்த உடைக்கு முதுகில்தான் ஜிப்பு. உள்ளே இருப்பவனால் தானாகப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. ஒன்பது வருடம் அதை இழுத்து மூடியவன், திறந்துவிட்டவன், வியர்வை துடைத்தவன் இவன்தான்.

“அண்ணே!” என்றான் ஜிப்புக்காரன். முகத்தில் ரத்தம் இல்லை.

“அண்ணனாவது ஆட்டுக்குட்டியாவது. என் பேரைச் சொல்லி இங்க சொகுசா உக்காந்திருக்கியா?”

“நானா கேக்கலண்ணே. பழைய கம்பெனி விலாசத்துக்கு உங்களைக் கூப்பிட்டு லெட்டர் வந்துச்சு. உங்க வீடு எங்கன்னு தெரியல. அதைச் சொல்லத்தான் வந்தேன். வாசல்லயே பூவைக் குடுத்து, ‘நீங்கதானே பூதம்’னு கட்டிப் பிடிச்சிக்கிட்டாங்க. என்னை அதுவரைக்கும் யாரும் உக்காருன்னுகூடச் சொன்னதில்லண்ணே.”

“என் காதுல பூ சுத்தாத. மூணு வருஷமா கட்டிப் பிடிச்சாங்களா?”

அவன் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், “அது முழுப் பொய்யும் இல்லண்ணே. நீங்க காய்ச்சல்னு சொல்லி எட்டு நாள் வரலையே, ஞாபகமிருக்கா? அப்ப என்னைத்தான் உள்ள போட்டாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. அந்தக் கேட்டு சீன் நான்தான்.”

கேட்டு சீன் என்றால் பூதம் குழந்தைகளிடம் விடைபெற்று, பெரிய இரும்புக் கேட்டைப் பார்த்து நடந்து, தடுமாறி விழுந்து, முகத்தை மூடி அழுவது. இந்த ரசிகர் கூட்டமே அந்த ஒரு காட்சியால் உண்டானதுதான்.

“அந்த விழறது நடிப்பே இல்லண்ணே. வாலை மிதிச்சிட்டேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

புளுகு, இருக்கிற ஒரே நல்ல காட்சியையும் சுருட்டப் பார்க்கிறான் என்று நினைத்தார் பூதக்காரர். விடுவிடுவென்று இறங்கி வந்தார்.

கீழே அறை வாசலில் ரசிகர் மன்றச் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்த மகள், ஈரத் தலையோடு துண்டையும் கெட்டிலையும் பற்றி அவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளா இப்படி என்று இவருக்கே ஆச்சரியம்.

“சார், ஒளிக்காம சொல்லிடறேன்,” என்றார் செயலாளர். “எங்களுக்கு இப்ப ரெண்டு பூதம். உள்ள இருந்த மூஞ்சியை யாருமே பாத்ததில்லையே, ஹீரோவும் கேமராக்காரரும்கூட பூதத்தை உடையோட பாத்ததுதான் ஞாபகம்ங்கறாங்க, நாங்க என்ன செய்ய? உங்க பேரை ‘சரிபார்க்க வேண்டியவர்’னு ஹோட்டலுக்கு எழுதிக் குடுத்தோம். அவங்க அதைத் திருட்டுப்பயன்னு எடுத்துக்கிட்டாங்க போல. நாளைக்குக் காலைல மேடைல ரெண்டு பேரையும் ஒரே கேள்வி கேப்போம், கேட்டு சீன்ல எப்படி விழுந்தீங்கன்னு. சொல்றதை அந்த சீனை நிறுத்தி நிறுத்திப் போட்டு ஒத்துப் பாப்போம், சரியா சொல்றவர் பேர்தான் தகட்டுல.”

செயலாளர் போன பிறகு, பூதக்காரர் மகளின் கைபேசியில் அந்தக் காட்சியைப் போட்டுக்காட்டச் சொன்னார். தன் தொடரை அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை, ஒன்பது வருடத்தில் எத்தனையோ முறை விழுந்ததில் எது எந்தக் காட்சி என்று நினைவுமில்லை. பூதம் நடந்தது. இவர் நடந்தால் முதலில் இடது காலை அகட்டி வைத்து வாலை வெளியே வீசிவிட்டுத்தான் திரும்புவார். இது வலது காலை எடுத்து வைத்தது. அடுத்த அடியில், அந்த உடைக்குள் நடந்தவனுக்கு மட்டுமே கண்ணில் படும்படி, ரோமத்தோடு ரோமமாகக் கிடந்த வாலை மிதித்துக் குப்புற விழுந்தது. மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார். உலகத்தையே சந்தேகப்பட்டவரால் தன் கண்ணைச் சந்தேகப்பட முடியவில்லை. அந்த எட்டு நாளும் எங்கே இருந்தார் என்பதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“என்னப்பா, முகமே மாறிடுச்சு?”

“ஒண்ணுமில்ல,” என்றார். பதில் இப்போது கையில் இருந்தது. வால் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தகடு அவருடையது. ஜிப்புக்காரன் மறுத்தால் அவனை யார் நம்பப் போகிறார்கள்? இல்லை, இதைச் சொல்லவைத்து என்னை மாட்டிவிடத்தான் வலை விரித்தானா? காலை வரை இப்படியே புரண்டுகொண்டிருந்தார்.

காலையில் மண்டபம் நிரம்பியிருந்தது. பச்சை ரோமம் ஒட்டிய தொப்பிகள், பூதம் போட்ட சட்டைகள். மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த உடை நின்றது, கீழே எழுத்தில்லாத தகடு. மகள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, அப்பா ஜெயிக்க வேண்டுமென்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கி முதலில் இவர் கைக்கு வந்தது. ஜிப்புக்காரன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

“வாலை மிதிச்சதாலதான் பூதம் விழுந்துச்சு,” என்றார்.

மண்டபம் இடிந்து விழுவதுபோல் கைதட்டல். “அடப்பாவி, வாலா!” என்று யாரோ கத்தினார்கள். மகள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“ஆனா மிதிச்சது நான் இல்ல. இவன்,” என்று ஜிப்புக்காரனைக் காட்டினார். “மத்த நாளெல்லாம் நான்தான். நம்பினா நம்புங்க. அந்த எட்டு நாள் எனக்குக் காய்ச்சல்னு கம்பெனில பொய் சொன்னேன். காய்ச்சல் என் பொண்ணுக்கு. ஆறு வயசு. சம்சாரம் ரெண்டாவது பிரசவத்துக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தா. நிறைமாசக்காரி, பயந்துடுவான்னு அவகிட்டயும் மறைச்சேன். பொண்ணு பொழைக்கிறது கஷ்டம்னாங்க. நான் ஆஸ்பத்திரியை விட்டு நகரல. அதனால அந்த சீன்ல நான் இல்ல.”

கைதட்டல் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் ஜிப்புக்காரன் பக்கம் போனது. அவன் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தான். அதற்குள் தொப்பிகள் மேடையேறி அவனை மொய்த்துவிட்டன. செயலாளர் தகட்டைப் பற்றிக் கமிட்டி கூடித்தான் முடிவு செய்யும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பூதக்காரருக்கா தெரியாது? ஒன்பது வருடம், ஒரு வாலை மிதித்தவனிடம் போய்விட்டது.

மகள் அவரைப் பக்கத்து நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகத்தில் இருந்தது பாசமில்லை, சந்தேகம். அப்பன் பெண்ணேதான்.

“எட்டு நாளுமா?”

“எட்டு நாளும்.”

“அம்மா ஒருநாளும் சொன்னதில்லையே.”

“அவகிட்ட லேசான காய்ச்சல்னுதான் சொன்னேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு வாயைத் திறக்கல. அப்புறம் அப்படியே இருந்துட்டேன்.”

“என் கட்டில் எங்க இருந்துச்சு?”

“ஜன்னல் பக்கம்.”

“ஜன்னலுக்கு வெளிய?”

“கறுப்புத் தண்ணித் தொட்டி. நீ அதைப் பாத்து யானை, யானைன்னு அலறின. பூதம் வந்தாத்தான் அது போகும்னு அடம். சட்டையைத் தலைக்கு மேல இழுத்துவிட்டுக்கிட்டு, வாயைப் பொளந்துக்கிட்டு ஜன்னல்ல நின்னேன். நர்ஸ் வந்து திட்டினாங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும் மறுபடி நின்னேன்.”

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அந்த யானையை நான் பாத்தேன்ப்பா. சொன்னா வீட்ல எல்லாரும் சிரிச்சீங்களே. நான் எத்தனை தடவை உங்களைத் திட்டியிருக்கேன், அப்பகூட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பியா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “மாட்டேன்,” என்றாள். சொல்லிவிட்டு, நடைவழியில் போகிறவர்கள் வருகிறவர்களையெல்லாம் மறந்து, அவர் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.