காஜா மாஸ்டரும் சுருக்குக்காரியும்

எங்கள் தெருத் தையல்காரரை எல்லோரும் காஜா மாஸ்டர் என்றுதான் அழைக்கிறோம். அது அவருடைய பெயரல்ல. சட்டையில் பொத்தான் நுழைவதற்காக வெட்டித் தைக்கும் துளைக்குத் தையல் கடைகளில் காஜா என்று பெயர். இளம் வயதில் வேறொருவர் கடையில் அந்த ஒரு வேலையை மட்டுமே அவர் செய்துகொண்டிருந்தார். பிறகு தைக்கக் கற்றார், வெட்டக் கற்றார், சொந்தக் கடை வைத்தார். காஜா மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. புதிதாகக் குடிவருபவர்கள் அதை அவருடைய இயற்பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் திருத்துவதில்லை. "ஓட்டைன்னு கூப்பிடாம காஜான்னு கூப்பிடறாங்களே, அதுவே பெரிய மரியாதை" என்பார்.

கடை கீழே, வீடு அதற்கு மேலே, மொட்டை மாடி எல்லாவற்றுக்கும் மேலே. கடையில் அவரையும் சேர்த்து மூன்று பேர். அளவெடுப்பதும் வெட்டுவதும் இயந்திரத்தில் ஓட்டுவதும் மாஸ்டர். ஓரம் மடித்துத் தைப்பதும் பொத்தான் வைப்பதும் அவர் மனைவி. கடைசியாக இஸ்திரி போட்டு மடித்து வைப்பது மனைவியின் தம்பி. இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு பாக்க நேரம் எங்க இருக்கு, மாமா இஸ்திரிப் பெட்டிய ஆறவே விடமாட்டேங்கறார்" என்று காரணம் சொல்வான். "பெட்டி ஆறினாலும் உன் வாய் ஆறாது. எவ வருவா?" என்பார் அக்கா.

மாஸ்டர் மிளகாய் வளர்க்கத் தொடங்கியதற்கு மனைவியின் வயிறுதான் காரணம். அந்த அம்மாள் காரப் பிரியர். சாப்பாட்டுத் தட்டில் ஒரு மூலையில் மிளகாய் இல்லையென்றால் கை வைக்கமாட்டார். அப்படி இருந்தவருக்கு வயிற்றில் புண் வந்தது. மருத்துவர் காரத்தை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. பசிக்கு ஏதோ உள்ளே போயிற்று. உடம்பு இளைத்து, ரவிக்கையை மாஸ்டரே நான்கு முறை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. "ஊருக்கெல்லாம் பெருசு பண்ணித் தரேன், வீட்ல மட்டும் சின்னதாக்கிட்டே போறேன்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கால்சட்டை தைத்துக்கொள்ள ஒரு கப்பல் சமையல்காரர் கடைக்கு வந்தார். அளவு கொடுத்தபடியே பேச்சு வாக்கில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போனவர், துணியை வாங்க வந்தபோது ஒரு சிறிய காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். காரமே இல்லாத, ஆனால் மிளகாயின் வாசனை முழுவதும் உள்ள ஒரு பழைய ரகத்தின் விதை. ஏதோ ஒரு துறைமுகத்தில், தலைமுறை தலைமுறையாக அதை மட்டும் பயிரிடும் ஒரு குடும்பத்திடம் வாங்கியதாம்.

பழைய பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி மாஸ்டர் மாடியில் விதைத்தார். காய் விரல் நீளத்துக்கு வந்து, பழுத்ததும் அடர்சிவப்பாகி, மேலிருந்து கீழ்வரை சீராக மடிப்பு விழுந்தது. பாவாடைக்கு வைக்கும் சுருக்கு மாதிரியே இருந்ததால் அதற்குச் 'சுருக்குக்காரி' என்று பெயர் வைத்தார். தோல் மெல்லியது. அடுப்பில் வாட்டினால் முதலில் மிளகாய் வாசனை வரும். பின்னாலேயே கனிந்த பழத்தின் வாசனை வரும். மனைவி அதை எண்ணெயிலும் உப்பிலும் புரட்டி ரொட்டியோடு சாப்பிட்டார். இரண்டாவது ரொட்டியும் கேட்டார். மூன்றாவதுக்கு மாஸ்டர் ரொட்டிக் கடைக்கு ஓடினார்.

தம்பி இதைத் தெருவெல்லாம் பரப்பினான். "எங்க மாமா மாடியில ஒரு சுருக்குக்காரிய வச்சிருக்கார். காலையில எழுந்ததும் முதல்ல அவளத்தான் போய்ப் பாக்கறார்." ரவிக்கை வாங்க வந்த, விஷயம் தெரியாத ஒரு பெண் மாஸ்டரின் மனைவியைத் தனியாக அழைத்து ஆறுதல் சொன்னார். "ஆமாம்மா, என்ன பண்றது, எனக்கும் அவள ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்று இவர் சொல்ல, வந்தவர் துணியைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

மாமா செய்வதைப் பார்த்துத் தம்பிக்கும் ஆசை வந்தது. அவனும் ஒரு பழைய ரகத்தைத் தேடிப் பிடித்தான். சட்டைப் பொத்தான் அளவு உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில் காய்ப்பது. கடித்தால் காது அடைக்கும். அதையும் அதே மாடியில் வைத்தான். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

மறுவருடம் சுருக்குக்காரியின் விதையிலிருந்து வந்த செடியில் முதல் பழத்தைச் சுட்டு மனைவி வாயில் வைத்தார். அடுத்த சில நாட்கள் அவர் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அதே விதை, அதே வாளி. நர்சரிக்காரரிடம் கேட்டபோது அவர் விளக்கினார். பக்கத்தில் காரமிளகாய் இருந்தால் தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து இதன் பூவில் தடவிவிடும். அந்தப் பூவில் வரும் பழம் பழையபடி இனிப்பாகவே இருக்கும். உள்ளே இருக்கும் விதைதான் கலப்பு. அதை நட்டு, செடியாகிக் காய்த்த பிறகுதான் காரம் தெரியும்.

"தேனீ பண்ண தப்புக்கு அக்கா வயிறு எரியுது பாருங்க" என்றான் தம்பி.

"செடிய வச்சவன் நீ. தேனீ மேல பழி போடாத."

"என் பொத்தான கீழ இறக்கச் சொல்றீங்களா மாமா? பூத்து நிக்குது. பாவம் இல்லையா?"

மாஸ்டருக்கும் பூத்த செடியை அசைக்க மனம் வரவில்லை. வேறு வழி பார்த்தார். சமையல்காரர் கொடுத்த பொட்டலத்தின் மடிப்பில் சில விதைகள் மிச்சமிருந்தன. எல்லாவற்றையும் ஊன்றினார். விதை பழசாகிவிட்டதால் இரண்டே இரண்டுதான் முளைத்தன. பொட்டலம் காலி. சமையல்காரரின் கப்பலோ அதன் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. இந்த இரண்டு செடியிலிருந்து சுத்தமான விதை எடுக்காவிட்டால் மனைவியின் சாப்பாடு மறுபடியும் பழைய கதையாகிவிடும்.

கடையில் மீந்த நெட் துணியில் மாஸ்டர் கட்டைவிரல் அளவுக்குச் சின்னச் சின்னப் பைகள் தைத்தார். வாயில் நாடா வைத்த பைகள். சில மொட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, விரிவதற்கு முன்பே பையை மாட்டிக் கட்டினார். காலையில் கிளையை மெதுவாகத் தட்டிவிடுவார். தேனீ இல்லாமலே அந்தப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். பிடித்ததும் பையைக் கழற்றி அடுத்த மொட்டுக்கு மாட்டிவிட்டு, இந்தக் காயின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு வெள்ளை நூலைத் தளர்வாகக் கட்டுவார்.

"பொம்பளைங்களுக்குத் தைச்சது போதாதுன்னு இப்ப பூவுக்கும் தைக்கிறீங்களா மாமா? அளவு எப்படி எடுத்தீங்க?"

"உன் மூளைய அளந்தேன். சரியா இருந்துச்சு."

நூல் கட்டிய காய்களும் கட்டாத காய்களும் ஒரே செடியில், ஒரே மாதிரி வளர்ந்தன. எல்லாம் பழுத்தன. பருவமும் முடிந்தது. இலை சுருண்டு, புதுப் பூ நின்றுவிட்டது. அந்த வாரம் மாஸ்டர் லைனிங் துணி வாங்கப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனார். செடிக்குத் தண்ணீர் விடும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கோட்டு போன்ற பெரிய உருப்படிகளைத் தைக்கும்போது, துணி நகராமலிருக்க முதலில் வெள்ளை நூலில் தளர்வாக ஒரு தையல் போடுவார்கள். கடையில் அதற்குக் கச்சாத் தையல் என்று பெயர். நிஜத் தையல் முடிந்ததும் அந்த நூலை உருவிவிட வேண்டும். உருவுவது இஸ்திரி போடுபவரின் வேலை. ஒரு கச்சா நூல்கூட மிச்சமில்லாமல் உருவிய பிறகுதான் பெட்டியைத் துணிமேல் வைக்கலாம் என்பது மாஸ்டரின் சட்டம். தம்பி அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டிக் கத்தரி இருக்கும்.

மாஸ்டர் திரும்பி வந்து, துணி மூட்டையை வைத்துவிட்டு நேரே மாடிக்குப் போனார். இறங்கி வந்தவரின் குரல் தாழ்ந்திருந்ததாம். இதை எனக்குச் சொன்னவர் மாஸ்டரின் மனைவி.

"மாப்ள, காம்புல கட்டியிருந்த நூல் எங்க?"

"எடுத்துட்டேன் மாமா."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல. இலைக்கு அடியில மறைஞ்சிருந்ததக்கூட விடலையே."

"ஏண்டா?"

"பழுத்துடுச்சுல்ல. முடிஞ்ச உருப்படியில கச்சா நூல் நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். ஆனால் திட்டினால் தன் சட்டத்தையே திட்ட வேண்டும். மனைவி ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் போனது தன் சாப்பாடு என்பது அவருக்கு உறைத்தது.

"ஆளுக்கு ஒண்ணு கடிச்சுப் பாத்தா தெரிஞ்சுடாதா?" என்றான் தம்பி, குற்றவாளிக் குரலில்.

"பழம் எல்லாமே இனிக்கும்டா. கோளாறு விதையில. நர்சரிக்காரர் சொன்னப்போ நீ எங்க இருந்த?"

"உங்க பின்னாடிதான் இருந்தேன். அங்க ஒரு பொண்ணு ரோஜாச் செடி வாங்கிட்டிருந்துச்சு."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூல் கிடந்த தடம் ஏதாவது காம்பில் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தளர்வாகக் கட்டிய நூல். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் மனைவிதான் முடிவு சொன்னார். "எல்லாப் பழத்து விதையையும் தனித்தனியா எடுத்து வைங்க. அடுத்த பருவத்துல எல்லாத்தையும் போடுங்க. காய்ச்சதும் இவன் ஒவ்வொரு செடியிலயும் ஒண்ணு கடிச்சுப் பாத்துச் சொல்லட்டும். காரமா இருந்தா செடி அவனுக்கு. இனிச்சா எனக்கு."

"அக்கா, எல்லாமே காரமா இருந்தா?"

"நூலை உருவறப்போ யோசிச்சிருக்கணும்."

அப்படியே செய்தார்கள். மாடி முழுக்க வாளிகள். ஒவ்வொரு வாளியின் கைப்பிடியிலும் ஒவ்வொரு துணித்துண்டு: கட்டம், கோடு, புள்ளி, பூப்போட்டது, வெறும் நீலம். எந்தப் பழத்து விதை எந்த வாளியில் என்பது அதில் தெரியும். யாரும் சொல்லாமலே தம்பி தன் பொத்தான் மிளகாய்களைக் கடை வாசலுக்கு இறக்கிவிட்டான். கலப்புச் செடிகளும் கூடவே நிற்கும் என்பதால், ஒவ்வொரு செடியிலும் சில மொட்டுகளுக்கு மாஸ்டர் மறுபடியும் பை மாட்டி, காய் பிடித்ததும் இந்த முறை சிவப்பு நூல் கட்டினார்.

சுவை பார்த்த அன்று காலை நான் அங்கே இருந்தேன். கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்ததை வாங்கப் போனேன். கடை திறந்திருந்தது, ஆளில்லை. மேலே சத்தம் கேட்டது. ஏறிப் போனேன்.

தம்பி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர். மூக்கு ஏற்கெனவே சிவந்திருந்தது. மாஸ்டர் புள்ளித் துணி வாளியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து நீட்டினார். தம்பி நுனியைக் கடித்தான்.

"நுனியைக் கடிச்சு ஏமாத்தாதடா. காரம் காம்புப் பக்கம்தான் இருக்கும். அங்க கடி" என்றார் அக்கா.

கடித்தான். "இல்லக்கா. இது சாதுவா இருக்கு. ரொம்ப சாது. லேசா என்னமோ... இல்ல, வருது. வந்துடுச்சு." தயிரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். மாஸ்டர் அந்த வாளியைத் தூக்கி ஒரு பக்கமாக வைத்தார். அந்தப் பக்கத்தில் வாளிகள் சேர்ந்துகொண்டே போயின. கோடு காரம். பூ காரம். நீலம் காரம். "மாப்ள, உனக்குச் சீதனம் குவியுது" என்று மாஸ்டர் சொன்னார். ஆனால் அவர் கண் மீதமிருந்த வாளிகளின் மேலேயே இருந்தது. மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

கட்டம் போட்ட துணி வாளியின் முறை வந்தது. தம்பி காம்புப் பக்கம் கடித்தான். மென்றான். இன்னொரு கடி கடித்தான். பழம் முடிந்தது. தயிர்க் கிண்ணத்தைத் தொடவில்லை. கையை நீட்டி அதே செடியில் இன்னொன்றைப் பறித்தான்.

"என்னடா?" என்றார் அக்கா.

"இரு அக்கா, இன்னும் சரியாத் தெரியல."

இரண்டாவதும் காம்பு வரை போயிற்று. மூன்றாவதைப் பறித்தபோது மாஸ்டர், "மாப்ள, ஆராய்ச்சி போதும். செடிய மிச்சம் வை" என்றார்.

அக்கா வந்து அந்தப் பழத்தைத் தம்பி கையிலிருந்து பறித்துக்கொண்டார். "ஏம்மா, கொஞ்சமா கடி, கொஞ்சமா" என்று மாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பழம் உள்ளே போய்விட்டது. நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் மெதுவாக மென்று விழுங்கினார். சற்று நேரம் காத்திருந்தார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு மீதிப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"டேய், கீழ போய் அடுப்பைப் பத்த வை. ரொட்டி இருக்கா பாரு" என்றார்.

மாஸ்டர் அதற்குள் செடிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிவப்பு நூல் கட்டினதுல நாலு பழத்தை விதைக்கு விட்டுடும்மா."

"ரெண்டு" என்றார் அந்த அம்மாள், அடுத்ததைப் பறித்துக்கொண்டே.