வாயெடுக்காத வாத்தியக் குழு

கொள்ளைநோய் நிஜம் என்பதில் இலுமினாதாவுக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்கு முன் வாத்தியக் குழுவை நடத்திய பெனிக்னோ முதல் அலையிலேயே போய்விட்டார். தன் கருவாட்டுக் கடைக்கு முகம் மூடாமல் வந்தால் மேயரையே விரட்டுவாள். எல்லோரும் கப்பித்தான் என்று கூப்பிடும் ஊர்த் தலைவர் தெல்பின், ஊதுகிறவர்களுக்காகத் தைத்துக் கொண்டுவந்த ஓட்டை போட்ட முகக்கவசத்தைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கப்பித்தான், ஓட்டை வழியா உள்ள போற காத்து கொம்பு வழியா வெளிய வராம எங்க போகும்? பாதோங் வயித்துக்குள்ளயா?"

டூபா என்ற பெரிய கொம்பை ஊதும் பாதோங் தன் தொப்பையைத் தட்டிக்காட்டினான். குழுவே சிரித்தது. தெல்பினுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரி, ஊதும்போது வேண்டாம். வாத்தியத்துலேர்ந்து வாய எடுத்தா உடனே மாஸ்க் மாட்டணும். ஒருத்தர் மாட்டலேன்னாலும் திருவிழாவுல சான் ரோக்கே பின்னாடி உங்களுக்குப் பதிலா ஸ்பீக்கர் வண்டிதான் வரும்!"

கொள்ளைநோய் தீர்க்கும் புனிதர் சான் ரோக்கேயின் சிலையை அந்த ஊரில் சும்மா தூக்கிப்போவதில்லை. வாத்தியத்துக்கு ஆடிக்கொண்டே போவார்கள். வாத்தியம் நின்றால் புனிதரும் நிற்பார். இரண்டு வருடம் கோயிலுக்குள் அடைந்து கிடந்தவரை ஸ்பீக்கர் வண்டியோடு அனுப்புவதா? தான் தலைமை ஏற்ற முதல் திருவிழாவிலா? 

ஒத்திகை சந்தி சிரித்தது. பாட்டின் இடைவெளி ஒவ்வொன்றிலும் மாட்டுவதும் கழற்றுவதுமாக ஒருவர்கூடச் சரியான இடத்தில் பாட்டை எடுக்கவில்லை. சிலை தூக்குகிறவர்கள் பாதி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"வண்டிக்கு டீசல் போடச் சொல்லட்டுமா?" என்றார் தெல்பின்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, பாட்டில் இடைவெளி இருந்த இடமெல்லாம் சுரம் போட்டு நிரப்பினாள். மூச்சைக் கடைவாயால் இழுத்துக்கொள்ள வேண்டியது. கடற்கரை போய்ச்சேரும்வரை ஒருவரும் வாயை எடுக்கக் கூடாது.

"அக்கா, என் உயிர எடுக்கறீங்க," என்றான் பாதோங்.

"உயிர அப்புறம் பாத்துக்கலாம். இப்ப வாய எடுக்காத!"

திருவிழாவன்று கோயில் வாசலில் தொடங்கிய பாட்டு நிற்கவே இல்லை. கன்னங்கள் உப்பின, கண்கள் பிதுங்கின. சான் ரோக்கே குலுங்கிக் குலுங்கி ஆடினார். சனம் பின்னால் ஆடிக்கொண்டு ஓடியது.

வழக்கமாகத் தலைவர் வீட்டு வாசலில் வாத்தியம் நிற்கும்; அவர் மாலை போடுவார். விதி போட்டவருக்கும் அது நினைவில்லை, சுரம் போட்டவளுக்கும் இல்லை. சம்பகீட்டா மல்லிகை மாலையோடும் குடும்பத்தோடும் நின்ற தெல்பினைத் தாண்டிப் புனிதர் ஆடிக்கொண்டே போய்விட்டார்.

"நில்லுங்க! அடேய், நிறுத்துங்கடா!" தெல்பின் மாலையும் கையுமாக ஓடிவந்தார்.

இலுமினாதா கிளாரினெட்டிலிருந்து வாயை எடுக்காமல், வாயை எடுத்தால் இதை மாட்ட வேண்டுமே என்பதுபோல், தன் கழுத்தில் தொங்கிய முகக்கவசத்தைக் கண்ணால் காட்டினாள்.

"மாட்ட வேண்டாம் தாயே! யாரும் மாட்ட வேண்டாம்! ஒரு நிமிஷம் நிறுத்து!"

அவர் சொன்னது ஊர் காதிலெல்லாம் விழுந்தது. அவள் கையை உயர்த்தினாள். பாட்டு நின்றது, புனிதர் நின்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, தெல்பின் மாலை போட்டார். தெரு ஆரவாரித்தது. பெனிக்னோ இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கி, முகக்கவசத்தை நிதானமாக மாட்டிக்கொண்டு அவர் அருகே போனாள்.

"கப்பித்தான், உங்க மாஸ்க் தாடையில கெடக்கு. மேல ஏத்துங்க. ஊதாதவங்களுக்கு அது கட்டாயம்."