கப்பலுக்கு வந்த குழம்புமீன்

ஐரோப்பா முழுக்க அந்தக் காய்ச்சல் பரவியதை நான் ரொட்டியை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். செய்தியெல்லாம் பிறகுதான் வந்தது. நான் சரக்குக் கப்பலில் சமையல்காரன். துறைமுகத்துக்குத் துறைமுகம் ரொட்டி, காய்கறி, முட்டை கொண்டுவந்து போடும் ஆட்கள் உண்டு. இத்தாலியில் ஒரு கிழவர் வேனில் வந்தார். படியேறி என் சமையலறைக்கே வந்து, டீ குடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து விடைபெற்றார். வடக்கே சில பேருக்குக் காய்ச்சலாம் என்று கையை வீசிக் காட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து ஸ்பெயினில், ரொட்டியைக் கரையிலேயே வைத்துவிட்டு ஓடிப்போனார்கள். பிரான்சில் முட்டைக்கோஸ் மேல் மருந்து அடித்து அனுப்பினார்கள். பெல்ஜியத்தில் மனிதர்களே இல்லை. கிரேன் மட்டும் மூட்டைகளைத் தூக்கிவந்து தளத்தில் இறக்கியது. மேலே உட்கார்ந்து அதை ஓட்டியவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. நாங்கள் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் எங்களுக்கு முன்னாலேயே அது போய் உட்கார்ந்திருந்தது.

இத்தாலிக் கிழவர் பிழைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. கேட்கவும் ஆளில்லை.

முட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார் கேப்டன். கழுவினேன். தக்காளியைக் கழுவினேன். ஆரஞ்சுப் பழத்தைக் கழுவினேன். ஒரு நாள் கோபம் வந்து சோப்பையே எடுத்துக் கழுவி வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒப்பந்தம் ஒன்பது மாதம். அது முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. என் இடத்துக்கு வரவேண்டியவன் விமானம் இல்லாமல் அவன் ஊரில் கிடந்தான். நான் பெட்டியைக் கட்டுவதும், சட்டை வேண்டியிருக்கிறது என்று அவிழ்ப்பதுமாக இருந்தேன்.

அப்போதுதான் உரம் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. கப்பலில் இருபத்தொரு பேர். அதில் சென்னைக்காரன் நான் ஒருவன்தான். சூயஸ் கால்வாயைத் தாண்டும்வரை யாரிடமும் பேசாமல் இருந்தேன். வாயைத் திறந்தால் அதிர்ஷ்டம் கலைந்துவிடும் என்று ஒரு பயம்.

கலையத்தான் செய்தது. ஊர் நெருங்கும்போது இன்ஜின் ரூம் ஆள் ஒருவனுக்குக் காய்ச்சல். கப்பலைத் துறைமுகத்துக்குள் விடவில்லை. கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கவேண்டும். பதினாலு நாள் யாரோடும் தொடர்பு இல்லாமல் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு நான் இறங்கலாம். நடுவில் வெளியிலிருந்து ஒரு ஆளோ ஒரு பொருளோ மேலே ஏறினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இருபத்தொரு பேருக்கும்.

காலையில் பார்த்தால் எண்ணூர் புகைபோக்கிகள் தெரியும். மணலி எண்ணெய் ஆலைக் குழாயின் உச்சியில் எரியும் தீக்கொழுந்து தெரியும். கடலிலிருந்து திரும்புகிறவர்கள் அந்தக் கொழுந்தை வைத்துத்தான் எங்கள் குப்பத்துக்குத் திசை பிடிப்பார்கள். அதற்குக் கொஞ்சம் வலப்பக்கம், திருவொற்றியூர்க் கரையில், எங்கள் வீடு. வீடு தெரியாது. ஆனால் இருக்கும் இடம் தெரியும். உலகத்தைச் சுற்றிவிட்டு வந்து வீட்டுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, பெல்ஜியத்து முட்டைக்கோஸைப் பொரியல் செய்துகொண்டிருந்தேன். அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

போனில் அம்மாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் அப்பா வந்துவிட்டார். எங்கள் வழக்கில் நைனா.

நைனாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. கூடத் தொழிலுக்குப் போகிறவர்கள் மூன்று பேர். வலையை இழுத்து முடித்துத் திரும்பும் வழியில் படகை எங்கள் கப்பல் பக்கம் விட்டு, ஒரு கல்லெறி தூரத்தில் இன்ஜினை நிறுத்தினார். முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். நான் சமையலறைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து ஆள் உயரத்திலிருந்து அவர் தலை நடுவில் விழுந்திருந்த வழுக்கைதான் முதலில் தெரிந்தது. நான் போகும்போது அது இல்லை.

“இன்னாடா, எறங்கலியா?” என்று கத்தினார்.

“இன்னும் பதினோரு நாளு கீது நைனா!”

“உங்கம்மா கேட்டுகினே கீறா. வூட்டாண்ட வந்துட்டு வூட்டுக்கு வராம இன்னாடா கப்பலு?”

சிரித்தேன். அவரும் சிரித்திருப்பார், துண்டுக்குள்.

எங்களுக்குள் பழைய கணக்கு ஒன்று உண்டு. அவர் படகில் நான் ஏறவேண்டும் என்பது அவர் ஆசை. நான் கப்பலுக்குப் போகிறேன் என்றபோது பெருமையாகத்தான் இருந்தது அவருக்கு. அங்கே சமையல் வேலை என்று தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. “அவ்ளோ பெரிய கப்பல்ல ஏறிப் போயி சோறு ஆக்கினு கீறியா?” என்று குப்பமே கேட்கும்படி கேட்டார். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் அடுப்புப் பக்கம் என்னை விடமாட்டார். நான் ஆக்கிய ஒரு வாய்ச் சோற்றை அவர் தின்றதில்லை. இந்த முறை எப்படியும் அவரை உட்காரவைத்து ஒரு மீன் குழம்பு ஊற்றிவிட வேண்டும் என்று இத்தாலியிலிருந்தே திட்டம் போட்டிருந்தேன். எதை எப்போது போடுவது என்பதுவரை மனப்பாடம். உப்பு, புளி, சித்திரை வைகாசியில் போனால் மாங்காய்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். கால் மணி நேரம் நிற்பார். பேச அதிகம் இருக்காது. யார் வீட்டில் காய்ச்சல், எந்தத் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள், ஏலக் கூடத்தில் எப்படி வட்டம் போட்டு ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று கத்திக் கத்திச் சொல்வார். ஸ்பெயினில் பார்த்த பயம் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அவர் போனபிறகு நாள் முழுக்க எனக்குத் தொண்டை வலிக்கும். அந்த வலிகூடப் பிடித்திருந்தது.

பதினோராம் நாள் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார்.

எங்கள் பக்கம் பிடித்த மீனைப் பங்கு பிரிப்பதற்கு முன்னால், படகில் போன ஒவ்வொருவருக்கும் வீட்டுக்கென்று ஒரு கை மீன் எடுத்து வைப்பார்கள். குழம்புமீன் என்று பெயர். அதை விற்கமாட்டார்கள். நைனா தன் குழம்புமீனை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் எனக்குக் கொண்டுவந்திருந்தார்.

“சங்கராடா! கப்பல்ல ஆய்ரதுக்கு ஆளு கீதோ இல்லியோன்னு நானே ஆஞ்சி எட்தாந்தேன்!”

கப்பலுக்கே சமையல்காரன் நான். எனக்கு மீன் ஆயத் தெரியாது என்று நினைத்துவிட்டார். அதுவும் நைனா! மீன் பிடிப்பதோடு அவர் வேலை முடிந்தது. செதிள் உரசுவதெல்லாம் அம்மா வேலை. அவர் படகில் உட்கார்ந்து கத்தியை வைத்துக்கொண்டு எனக்காக மீன் ஆய்ந்தார் என்று கேட்டதும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. வாளியில் கயிறு கட்டிக் கீழே இறக்கிவிட்டேன். அவர் துடுப்பைப் போட்டுப் படகைக் கிட்டே கொண்டுவந்து, கவரை வாளிக்குள் வைத்தார். இழுத்தேன். நாலு சிவப்புச் சங்கரா மீன். குடல் எடுத்தது கோணல்மாணல். ஒன்றில் செதிள் பாதி அப்படியே இருந்தது.

மேலிருந்து ஒலிபெருக்கியில் கேப்டன் குரல் வந்தது. “கடலில் போடு. இப்போதே.”

வாளியோடு நின்றேன். கேப்டன் மறுபடி சொன்னார், இந்த முறை மெதுவாக: “உடனே போட்டால் கணக்கில் சேர்க்கமாட்டேன். இன்னும் மூன்றே நாள். நீ வீட்டுக்குப் போகவேண்டாமா?”

வீட்டுக்குப் போகத்தான் போட்டேன். கவரைப் பிரித்து, ஒவ்வொன்றாக, நைனா பார்த்துக்கொண்டிருக்க. நாலையும் சேர்த்துக் கொட்டியிருக்கலாம். ஏன் ஒவ்வொன்றாகப் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தச் சிவப்பு கொஞ்ச நேரம் தண்ணீருக்கடியில் தெரிந்து மறைந்தது. கூட இருந்த மூன்று பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நைனா மட்டும் பார்த்தார்.

“பதினாலு நாளு கணக்கு நைனா! திரும்ப மொதல்லேர்ந்து வந்துடும்!” என்று கத்தினேன். அதற்குள் இன்ஜினைப் போட்டுவிட்டார்கள். நைனா காதில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையையே தூக்கி ஆட்டினார். கேட்டதா இல்லையா, தெரியாது.

பன்னிரண்டாம் நாள் படகு வரவில்லை. பதின்மூன்றாம் நாளும் வரவில்லை. அன்று மத்தியானம், சரக்கை வேறு துறைமுகத்தில் இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நங்கூரத்தைத் தூக்கினார்கள். கப்பல் ஆட்கள் இறங்கத் தடை என்று அந்தத் துறைமுகத்திலும் என்னை இறக்கவில்லை. போனில் அம்மாவிடம், “நைனா கோவமா கீறாரா?” என்று கேட்டேன். “கோவமா? ஒடம்பு சூடா கீதுன்னு படுத்துகினு கீறாருடா” என்றாள். கேப்டன் சொன்னது சரி என்று இன்றைக்குப் புத்தி சொல்கிறது. மனசு அந்த ஆளை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நைனா போனது பதினெட்டு நாள் கழித்து. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அம்மாவுக்கே தூரத்தில் நிறுத்தித்தான் காட்டினார்கள். நான் அப்போது நடுக்கடலில் இருபத்தொரு பேருக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் நான் அடுப்படிக்குப் போனேன். விரட்ட ஆளில்லை. அம்மா வாங்கி வைத்திருந்ததும் சங்கராதான். கையில் எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஏழு மாதமாக அம்மாவிடம் சொல்ல முடியாததை இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா சொன்னாள்: “அன்னிக்கி கப்பலாண்டேர்ந்து வந்து ஒரே பேச்சுடா உங்க நைனா. ‘நான் குட்த்த மீனை அங்கியே ஆக்கிட்டான்டி, நான் இருக்கசொல்லவே துன்னான், வாசனை கீழ படகு வரிக்கும் வந்துச்சி, கைப்பக்குவம் உன்னுத விட மேலு’ன்னாரு. எனக்கே கோவம் வந்துடுச்சி.”

நான் ஒரு மீனை எடுத்துச் செதிள் உரசத் தொடங்கினேன்.

“மாங்கா போட்டு ஆக்கினியாமே?”

“ஆமாம்மா,” என்றேன். “போட்டேன்.”